கரிப்பானையில் விழுந்த கோடு

எங்கள் ஆபீசில் அவருக்குப் பட்டாசு அக்கா என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்ல மாட்டோம், வெடித்துவிடும். வீடுகளில் புழங்கிய மண்பாண்டங்களை அருங்காட்சியகத்துக்காக வாட்டர்கலரில் வரைந்து பதிவுசெய்வது அவர் வேலை. விளிம்பு உடைந்த சட்டியை உடைந்தபடியே வரைவார். அவர் கைக்குப் போட்டியே இல்லாமல் இருந்தது, ஓரகத்தியை அவரே சிபாரிசு செய்து இங்கே சேர்த்துவிடும் வரை.

மண்பாண்டப் புத்தகத்தின் அட்டைக்கு ஓரகத்தி வரைந்த கரிப்பானையை மேலதிகாரி தேர்ந்தெடுத்தார். அக்காவுக்கு வயிறு எரிந்தது. அந்த அடுப்புக்கரி நிறம் அவளுக்கு மட்டும் எப்படி வந்தது? கறுப்பில் நீலம் கலந்து பார்த்தார், பழுப்பு கலந்து பார்த்தார். தாளில் சேறுதான் படிந்தது. பானையின் கரியையே தொட்டுத் தேய்த்திருக்கிறாள் என்று முடிவு கட்டினார். பானைக் கரியில் கை வைக்கக் கூடாது என்பது எங்கள் இடத்தின் முதல் விதி. மாட்டிக்கொண்டாள் என்று உள்ளுக்குள் ஒரே குஷி.

அதை உறுதிப்படுத்திக்கொள்ள, எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் பானையின் வயிற்றில் ஒரு விரலை இழுத்து, அதைத் தாளில் தேய்த்துப் பார்த்தார். திட்டுத் திட்டாக அப்பியது. ஓரகத்தியின் படத்தில் இருந்த கரி இது இல்லை. அது முழுக்கக் கைவேலை. பானையிலோ கரி போன இடத்தில் செக்கச்செவேலென்று ஒரு கோடு விழுந்துவிட்டது.

அச்சுக்குக் கொடுக்கும் முன் படத்தையும் பானையையும் ஒப்பிட மேலதிகாரி வந்தார்.

"இந்தக் கோடு படத்துல இல்லையேம்மா?"

ஓரகத்தி பானையைப் பார்த்தாள். அக்கா முந்தானையில் அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்த விரலையும் பார்த்தாள்.

"விட்டுப்போச்சு சார். இப்பவே போட்டுடறேன்."

ஈரத் தூரிகையால் காய்ந்த கறுப்பை ஒற்றி எடுத்து, அந்த இடத்தில் செம்மண் நிறத்தை ஓடவிட்டாள்.

புத்தகம் வந்தது. "இந்தக் கோடுதான் படத்துக்கே உயிர்" என்றார் மேலதிகாரி. டைப்பிஸ்ட் முதல் காவலாளி வரை அதையே சொன்னோம். ஒவ்வொருவர் சொல்லும்போதும் அக்காவின் முகம் கடுத்தது. போட்டது தன் விரல், பேர் வாங்குவது அவள். வாய்விட்டுச் சொன்னால் வேலை போய்விடும்.

"கோடு கொஞ்சம் தடிச்சுப்போச்சு" என்றார் பொறுக்கமாட்டாமல்.

ஓரகத்தி அட்டையை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

"சரியாத்தான் இருக்குக்கா. வேணும்னா விரலை வச்சுப் பாருங்க."