ஆத்தேயின் ஊரில் நான் மாற்றிய சொல்

நடந்தவை இவ்வளவுதான்:

1. தொண்ணூற்றைந்தில், பிலிப்பைன்ஸில் ஆத்தேயின் ஊரை எரிமலைச் சேறு மூடியது.
2. அந்த ஊரின் வரலாற்றை அவர் ஆங்கிலத்தில் எழுதித் தந்தார். நான் கணினியில் தட்டச்சு செய்தேன்.
3. அவரைக் கேட்காமல் ஒரு சொல்லை மாற்றினேன்.
4. அது அப்படியே ஊருக்குப் போய்விட்டது.

நான் புலம்பெயர்ந்து வந்த நாட்டில், மில்லிக்கன் என்ற புறநகரில், மின்சுற்றுப் பலகைகள் செய்யும் தொழிற்சாலையில் நான் அவற்றைச் சோதிப்பவள். பக்கத்து மேசையில் ஈயம் உருக்கிச் சோல்டர் செய்த பிலிப்பீனோப் பெண்ணை அவருடைய நாட்டவர்கள் ‘ஆத்தே’ என்றார்கள். அவர்கள் மொழியில் அக்கா. நானும் அப்படியே அழைத்தேன். மரியாதைக்கு வசனத்தின் முடிவில் ‘போ’ சேர்ப்பது அவர்கள் வழக்கம். ஒருநாள் தொலைபேசியில் என் அம்மாவிடம் ஆத்தே “தேங்க்யூ போ” என்றுவிட்டார்.

“ஆரடி உவள்? நன்றியும் சொல்லிப்போட்டு என்னைப் போ எண்டு கலைக்கிறாள்!” என்றார் அம்மா. விளக்கியபின், “அப்ப நான் உன்ர அப்பாவுக்கு இவ்வளவு காலமும் மரியாதைதான் குடுத்திருக்கிறன்” என்று சிரித்தார்.

ஆத்தே ஊரில் ஆசிரியையாக இருந்தவர். பாடக்குறிப்புப் போலத் தலைப்பிட்டு எழுதியிருந்தார்: ஊர் தோன்றிய விதம், ஆறு, கரும்பு வயல்கள், கோயில், சந்தை. சந்தைக்கு எதிரே பல் பிடுங்குபவர் வானொலியும் திருத்துவார் என்பதுவரை அதில் இருந்தது. சேறு வந்தபின் ஊரையே கைவிட்டு மக்களை வேறிடத்தில் குடியேற்ற அதிகாரிகள் யோசித்தார்கள். ஆத்தேயின் அண்ணனும் சிலரும் மறுத்து, கூரைமட்டச் சேற்றின் மேலேயே குடிசை போட்டிருந்தார்கள். ஊரைக் கைவிட வேண்டாம் என்ற அவர்களுடைய மனுவோடு இணைப்பதற்குத்தான் அந்த வரலாறு.

புதைந்துபோன சந்தையை ‘இருக்கிறது’ என்று எப்படி எழுதுவது? எனக்கு அது பிழையாகப் பட்டது. கணினிக்கு ஒரே கட்டளை கொடுத்தேன். ‘இருக்கிறது’ எல்லாம் ‘இருந்தது’ ஆனது. ஆத்தே என்னை நம்பி, வாசிக்காமலே அனுப்பிவிட்டார்.

சில வாரங்கள் கழித்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில் என் மேசைக்கு வந்தார். “அண்ணன் தொலைபேசி எடுத்தவன். ‘நாங்களே இருந்தது என்று எழுதினால் அதிகாரி வேறென்ன எழுதுவான்?’ என்று கேட்கிறான்.”

“சேறு மூடியது உண்மைதானே, ஆத்தே?”

“உன் ஊரிலும் இப்போது ஒருவரும் இல்லை என்றாயே. ஊர் எது என்று கேட்டால் நீ என்ன சொல்கிறாய்?”

அந்த இலையுதிர் காலத்தில்தான் போருக்கு அஞ்சி யாழ்ப்பாணத்துச் சனம் முழுவதும் ஊரை விட்டு வெளிக்கிட்டிருந்தது. எங்கள் ஊரைப் பற்றி நான் ஒருநாளும் ‘இருந்தது’ என்று பேசியதில்லை.

‘இருக்கிறது’ என்றே திருத்திய பிரதியை மறுநாளே ஆத்தேயின் அண்ணனுக்கு அனுப்பினேன். ஆத்தே அதன்பின் வேலை விஷயம் மட்டும் பேசினார். வசந்தத்தில் பிறம்ரன் நகரில் ஒரு வெயர்ஹவுஸ் வேலைக்கு மாறிப்போனார். மனுவுக்கு என்ன பதில் வந்தது, அண்ணன் எங்கே என்று எனக்குத் தெரியாது. கேட்கக்கூடியவர் ஆத்தே ஒருவர்தான். அவருடைய தொலைபேசி இலக்கம் என்னிடம் இல்லை.