தண்ணி டேங்குக்குக் கீழே ஒரு தரை

எனக்கு ஒரு இடத்தில் உட்காரத் தெரியாது. கல்யாணப் பந்தியில்கூடப் பாயசம் வருவதற்குள் எழுந்து கை கழுவப் போய்விடுவேன். என் ஜெராக்ஸ் கடையில் சுழல்நாற்காலி ஒன்று இருக்கிறது. அதில் என்னைவிட அதிக நேரம் உட்கார்ந்திருப்பது தெருப் பூனைதான். அப்படிப்பட்டவன், தெருவே உட்கார்ந்து பேச ஓர் இடம் ஏற்பாடு செய்யப்போகிறேன் என்று சொன்னபோது என் வீட்டுக்காரி சிரித்த சிரிப்பில் கல்லில் இருந்த தோசை கருகிவிட்டது.

விஷயம் இதுதான். மரக்காணம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கம் எங்கள் தெரு. தெரு முனையில் உயரமான தண்ணி டேங்க். அதன் தூண்களுக்கு நடுவே ஒரு சின்னக் கல்யாணத்துக்குப் பந்தல் போடுகிற அளவுக்கு இடம். பகலெல்லாம் நிழல். ஆனால் அங்கே இருந்ததெல்லாம் குப்பை, இளநீர் மட்டை, யாருடையது என்று இன்றுவரை யாரும் ஒப்புக்கொள்ளாத ஓர் உடைந்த கமோடு. தெரு வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ அதைப் படம் எடுத்துப் போட்டு, இதுக்கு ஒரு முடிவே இல்லையா என்று கேட்டிருந்தார்கள். நான் படுக்கையில் புரண்டுகொண்டே, சுத்தம் பண்ணி சாயங்காலம் எல்லாரும் உட்கார்ற மாதிரி ஆக்கிடலாம், நான் பாத்துக்கறேன் என்று தட்டிவிட்டேன். கட்டைவிரல் படங்கள் வந்து குவிந்தன. மனசு குளிர்ந்தது. அதோடு வேலை முடிந்தது என்று தூங்கிவிட்டேன்.

மறுநாள் மத்தியானம் டேங்குக்கு நேரெதிர் வீட்டு அக்கா கடைக்கு வந்து நின்றார். உப்பளத்தில் வேலை முடித்து நேராக வந்திருந்தார். காலில் முழங்கால் வரை வெள்ளை பூத்திருந்தது.

"தம்பி, டேங்குக்குக் கீழ சுத்தம் பண்றியாமே. எப்ப?"

"பண்ணலாம்க்கா."

"பண்ணலாம்லாம் வேணாம். எப்பன்னு சொல்லு."

அக்காவின் புருஷனை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். அவரும் உப்பளத்துக்காரர்தான். போன வருஷம் ஒரு பக்கம் கை கால் இழுத்துக்கொண்டது. இப்போது தடியை ஊன்றி நாலடி நடப்பார். வாய் ஒரு பக்கமாகக் கோணியிருக்கும். மனுஷங்களோடு வைத்திருங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். எங்கே வைப்பது? அந்த வீட்டுக்கு ஒரே கதவு, அதுவும் குப்பையைப் பார்த்துத் திறக்கிறது. நாற்றத்துக்கும் ஈக்கும் பயந்து நாளெல்லாம் சாத்தியே கிடக்கிறது.

"நான் வேலைக்குப் போயிட்டா செவுத்தப் பாத்துக்கினு படுத்திருக்காரு. இப்பல்லாம் பேசறதே கொறஞ்சிடுச்சி. அந்தக் கதவு தொறந்து கெடந்தா போதும் தம்பி, எனக்கு வேற எதுவும் வேணாம்" என்றார்.

எதற்கும் ஒரு ஜோக் அடித்துத் தப்பித்துவிடுகிற ஆள் நான். அன்றைக்கு மட்டும் காலண்டரைத் திருப்பினேன். ஞாயிற்றுக்கிழமை என்று சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பேரூராட்சி டிராக்டர் வந்தது. திட்டிக்கொண்டேயானாலும் தெருக்காரர்களும் வந்தார்கள். குப்பை போனதும் குண்டும் குழியுமாகத் தரை தெரிந்தது. சிமெண்டு போடக் கூடாது, கீழே பைப் லைன் போகிறது, லீக் ஆனால் தோண்டணும் என்று பேரூராட்சி ஆள் சொல்லிவிட்டுப் போனார். அப்படியானால் மண் தரைதான். எங்கள் ஊரில் மண் தரை போடு என்றால் யாரும் யோசிக்க மாட்டார்கள். தெருவில் பாதிப் பேர் உப்பளத்து ஆட்கள். உப்புப் பாத்திக்குத் தரை போடுவது எப்படியோ அப்படித்தான் போடுவார்கள். களிமண்ணைக் கொட்டிப் பரப்பி, தண்ணீர் விட்டு, பாதி காய்ந்ததும் வரிசையாக நின்று காலால் மிதிக்கணும். குதிகாலுக்குப் பக்கத்தில் குதிகால், இடைவெளியே விடாமல். மறுநாளும் தண்ணீர், மறுநாளும் மிதி. தரை சிலேட்டு மாதிரி ஆகிறவரை.

முதல் நாள் சாயங்காலம் மிதிக்கிற சத்தம் கேட்டதும் எதிர்க் கதவு திறந்தது. முதலில் தடி வந்தது, பிறகு மாமா வந்தார். அக்கா ஓடிப்போய் வாசலில் பிளாஸ்டிக் சேரைப் போட்டார். அவர் உட்கார்ந்து என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டேய் ஜெராக்ஸு. மிதிக்கிறியா, டான்ஸ் ஆடறியா?"

வார்த்தை குழறியது. கிண்டல் மட்டும் ஒரு எழுத்துக் குறையாமல் வந்து சேர்ந்தது. வரிசை மொத்தமும் சிரித்தது. அதிகமாகச் சிரித்தவன் நான்தான். அக்கா சிரிக்கவில்லை, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு குனிந்து மிதித்தார்.

அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் நாங்கள் வருவதற்கு முன்பே கதவு திறந்திருக்கும். பாத்தியையே பார்த்திராத ஸ்கூல் டீச்சர் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வரிசையில் நின்றார். டெய்லர் வந்தார். பேச்சென்றால் அப்படி ஒரு பேச்சு. மத்தி மீன் விலை, கோட்டக்குப்பத்தில் பார்த்த புடவை, யார் வீட்டுச் சுவர் யார் இடத்தில் ஏறியிருக்கிறது எல்லாம் மிதிபட்டது. கால் தப்பினால் மாமா பேர் சொல்லித் திட்டுவார். ஓரம் உடையாமல் இருக்கச் சுற்றிலும் நாலு விரல்கடை உயரத்துக்கு அழகாக ஒரு வரப்பும் அணைத்தார்கள். யார் சொன்னது என்று தெரியாது, கை தானாகச் செய்துவிட்டது.

தரை முடியப் போகிறது என்றதும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. விடிந்ததும் ஓடிப்போய்க் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பேன். இறங்காது. சந்தோஷப்படாமல் திரும்பி வருவேன். மிதிக்கத்தான் இத்தனை பேர் வந்தார்கள், சும்மா உட்காரச் சொன்னால் வருவார்களா? வரவில்லையென்றால் அந்தக் கதவு என்ன ஆகும்? கடையில் ஆதார் கார்டு கேட்டவருக்கு ரேஷன் கார்டை எடுத்துக் கொடுத்தேன். "நீ ஒரு நிமிஷம் உக்காந்து காட்டு, அப்புறம் ஊரு உக்காரும்" என்றாள் வீட்டுக்காரி.

திறப்பு விழா நாள். மண்டபத்தில் இரவல் வாங்கிய சேர்கள், அண்டா நிறையச் சுண்டல், நானே டிசைன் செய்த ஃபிளெக்ஸ். அதில் என் படம் கொஞ்சம் பெரிதாகவே விழுந்துவிட்டது. நாலு மணிக்கு கிளியனூர் பக்கமிருந்து மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. வானத்தையும் கதவையும் மாறி மாறிப் பார்த்து எனக்குக் கழுத்து வலித்தது. இங்கே வராது, பக்கத்து ஊர் பிரம்மதேசத்தோடு போய்விடும் என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லி முடிப்பதற்குள் சாய்வாக அடித்தது மழை. அக்கா மாமாவை உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார்.

அரை மணியில் மழை விட்டது. தெருத் தண்ணீர் வடிந்துவிட்டது. எங்கள் தரையில் மட்டும் பாதம் முழுகுகிற அளவு தண்ணீர், அசையாமல், வரப்புக்குள் அடங்கி, வானத்தைக் காட்டிக்கொண்டு நின்றது. சுண்டல் தட்டு ஒன்று படகு மாதிரி சுற்றி வந்தது.

பாதித் தெரு உப்பளத்துக்காரர்கள், தண்ணி நிற்கும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. உட்கார இடம் பண்ணுகிறோம் என்று நாங்கள் பண்ணி வைத்திருந்தது தண்ணீரைக் கட்டி நிறுத்துகிற சுத்தமான உப்புப் பாத்தி.

"வெயில் அடிச்சா உப்பு வாரிடலாம்" என்றார் டெய்லர். யாரும் சிரிக்கவில்லை. சேர்களை அடுக்க ஆரம்பித்தார்கள். அக்கா மட்டும் வெளியே வந்து, சாத்திய கதவைப் பார்த்தபடி தூணோரம் நின்றார்.

நான் தண்ணீரில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். மாமாவிடம் என்ன சொல்வது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்தேன். நாளைக்குச் சரி பண்ணிடலாம் மாமா. லாம், லாம். அக்கா கேட்டால் அடிப்பார்.

வாசலுக்குப் போய்த் தட்டுவதற்குக் கையைத் தூக்கியபோது கதவு திறந்தது. மாமா தடியோடு நின்றார். தண்ணீரைப் பார்த்தார். இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை, பொறுமையாக.

"மாமா, தண்ணி நின்னுடுச்சி" என்றேன், அவருக்குக் கண் தெரியாதது மாதிரி.

கோணிய வாய் இன்னும் கோணியது. அழுகிறாரா என்று பயந்துவிட்டேன்.

"டேய், ஒரு சொட்டு எறங்கல பாத்தியா?"

சிரிக்கிறார். எத்தனையோ முதலாளிக்குப் பாத்தி போட்டிருக்கிறேன், இப்படி ஒரு தரை அமைந்ததில்லை என்றார். அப்புறம் தடியால் காட்டிக் காட்டி உத்தரவு போட்டார். ரோட்டுப் பக்கம் வரப்பை உடைக்கணும், தண்ணி வடிய வாட்டம் விட்டு மறுபடி முதலிலிருந்து மிதிக்கணும், நாளைக்கு எல்லாரையும் வரச் சொல்லணும், ஜெராக்ஸை மட்டும் ஓரமாக நிறுத்தணும்.

"சேர எடு."

வாசலில் போட்டேன். அங்கே இல்லை என்று தடியால் தண்ணீருக்கு நடுவே காட்டினார். சளி புடிச்சிக்கும் என்று அக்கா திட்டிக்கொண்டே அவரைத் தாங்கிக் கூட்டி வந்தார். இரண்டு பாதத்தையும் தண்ணீருக்குள் வைத்து அவர் உட்கார்ந்தார். சேர் அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். டீச்சர் தன் சேரை எடுத்து வந்து அவர் பக்கத்தில் போட்டுக்கொண்டார். பிறகு ஒவ்வொருவராக வேட்டியை, புடவையை முட்டிவரை தூக்கிக்கொண்டு இறங்கி வந்தார்கள். அண்டாவில் சுண்டல் மிச்சம் இருந்தது.

நானும் உட்கார்ந்தேன். உட்கார்ந்து ஒரு வாய் சுண்டல் முழுங்குவதற்குள் எழுந்து, வரப்பை வெட்ட மண்வெட்டி தேடினேன். அது அக்கா வீட்டுக்குள்ளே இருக்கும் என்று போனேன். கதவு சாத்தியிருக்கவில்லை, சுவர் வரைக்கும் திறந்து கிடந்தது.

மண்வெட்டியோடு நான் வெளியே வருவதைப் பார்த்து மாமா கத்தினார்.

"டேய், உக்கார்றா. தண்ணி இன்னிக்கி ஒரு நாள் நிக்கட்டும்."