வெந்நீர் இல்லை என்று சொல்வது

ஜெர்மனியில் "எப்படி இருக்கிறாய்?" என்று கேட்டால் உண்மையாகவே பதில் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு இது இன்னும் பழகவில்லை. நான் செவிலியர் பயிற்சி எடுக்கும் முதியோர் இல்லத்தில், காலை ஷிப்டுக்கு உடை மாற்றும்போது ஒருத்தி இப்படிக் கேட்பாள். மற்றவள் சாவகாசமாகச் சொல்வாள்: நன்றாக இல்லை, முதுகு வலிக்கிறது, இன்றைக்கு ஆளைத் தூக்குகிற வேலையை என்னிடம் கொடுக்காதே. கேட்டவளும் சரியென்று அதற்கேற்ப வேலையைப் பிரித்துக்கொள்வாள். என் முறை வந்தால் நான் "அல்லெஸ் கூட்" என்பேன். எல்லாம் நலம் என்று பொருள். காய்ச்சலோடு போன நாளிலும் அதைத்தான் சொன்னேன்.

அது ஜெர்மனியில் கற்ற பாடம் இல்லை. கொடைக்கானலுக்குக் கீழே வட்டக்கானலில், எங்கள் வீட்டின் பக்கவாட்டில் இருக்கும் இரண்டு அறைகளைச் சுற்றுலா வருபவர்களுக்கு வாடகைக்கு விட்டு அம்மா என்னை வளர்த்தாள். அப்பா நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே போய்விட்டார். வருபவர்களிடம் "இல்லை" என்ற சொல் எங்கள் வாயிலிருந்து வரக்கூடாது. கரண்ட் இருக்குமா, மழை நிற்குமா, பாதையில் அட்டை கடிக்குமா, எதைக் கேட்டாலும் "நோ ப்ராப்ளம், ஆல் ஓகே". அவர்கள் பையை இறக்குவதற்குள், கேட்காமலேயே இஞ்சி டீ போய்விட வேண்டும். அதற்கென்று பூப்போட்ட பீங்கான் கோப்பைகள் தனியாக இருந்தன. எங்களுக்குச் சில்வர் டம்ளர்தான். பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே அந்தச் சிரிப்பும் தலையாட்டலும் எனக்கு வந்துவிட்டன.

அதையே மூட்டைகட்டிக்கொண்டு ஜெர்மனிக்குப் போனேன். அதிகாலையில் வேலை, வேலையில்லாத நாளில் வகுப்பு, எல்லா மாலையும் மொழிப்பாடம். பொழுது சாயும்போது தலைக்குள் தமிழும் இருக்காது, ஜெர்மனும் இருக்காது. கடையில் யாரிடமும் எதுவும் கேட்க வேண்டியிராத சாமானாகப் பார்த்து வாங்குவேன். பல நாள் ரொட்டியும் முட்டையும்தான். மன அழுத்தத்தைச் சமாளிப்பது எப்படி என்று இல்லத்தில் ஒரு தாள் கொடுத்தார்கள். அந்தத் தாளைப் படிக்க எனக்கு அகராதி வேண்டியிருந்தது. இரண்டாம் பத்தியிலேயே தூங்கிப்போனேன்.

பயிற்சியில் நீடிக்க வேண்டுமானால் பி-டூ என்ற மொழித்தேர்வில் தேற வேண்டும். எழுதுவது, படிப்பது, கேட்பது மூன்றிலும் தேறினேன். பேசுவதில் போய்விட்டது. அதில் இரண்டு பேரை எதிரெதிரே உட்காரவைத்து ஒரு விஷயத்தைக் கொடுத்து வாதாடச் சொல்வார்கள். எனக்கு எதிரே இருந்தவர், நகரத்துக்குள் கார்களைத் தடை செய்ய வேண்டும் என்றார். நீங்கள் சொல்வது மிகவும் சரி என்றேன். அவருக்கே பாவமாகப் போயிருக்கும், தடை செய்வதில் சில சிக்கல்களும் உண்டு என்று எனக்கு வழி எடுத்துக் கொடுத்தார். அதுவும் சரிதான் என்றேன். பதினைந்து நிமிடமும் நான் அவருக்கு டீ ஊற்றாத குறை. அன்றைக்கு அம்மா போன் செய்தபோது, நல்லாப் போச்சும்மா என்று சொல்லி வைத்துவிட்டேன். முடிவு வந்த பிறகும் அதைத் திருத்தவில்லை.

தேர்வில் தோற்றதை என்னோடு வைத்துக்கொண்டிருக்கலாம். அடுத்து நடந்தது அப்படியில்லை. பன்னிரண்டாம் அறைக்கு ஒரு வயதான அம்மையார் புதிதாக வந்தார். என் வார்டின் மூத்த செவிலியர் சபீனா அவரைப் பற்றி மடமடவென்று ஏதோ சொல்லிவிட்டு, புரிந்ததா என்று கேட்டாள். பாதிதான் புரிந்தது. "யா, யா" என்று தலையாட்டினேன். மத்தியானம் அந்த அம்மையார் குளிரில் நடுங்குவது போலிருந்தது. புதிதாக வந்தவர் ஆயிற்றே. யாரும் சொல்லாமலேயே சமையலறைக்குப் போய் டீ போட்டு வந்து கையில் கொடுத்தேன். இரண்டாவது வாயில் புரையேறி, அவர் முகம் நீலம் பாரித்தது. அழைப்பு மணியை அழுத்தினேன். சபீனா ஓடிவந்து அவரை முன்னால் சாய்த்து முதுகில் தட்டித் தட்டி மூச்சை மீட்டாள். அவருக்கு விழுங்குவதில் கோளாறு, எந்தத் திரவத்தையும் பொடி கலந்து கெட்டியாக்கித்தான் தர வேண்டும் என்பதைத்தான் காலையில் சொல்லியிருக்கிறாள்.

சபீனா கத்தவில்லை. கை கழுவிவிட்டு வந்து நிதானமாக, நிறுத்தி நிறுத்திப் பேசினாள். "புரியவில்லை என்றால் நான் பத்து முறை சொல்வேன். ஆனால் உன்னுடைய 'யா'வை நம்பி என்னால் வேலை செய்ய முடியாது." அது முழுக்கப் புரிந்தது. கழிப்பறையில் உட்கார்ந்து அழுதேன். ஒரு மனுஷியைக் கொல்லப் பார்த்திருக்கிறேன், அதுவும் உபசாரம் செய்து.

இப்போது மூன்று வார விடுப்பில் வட்டக்கானலில் இருக்கிறேன். திரும்பிப் போன பத்தாம் நாள் மறுதேர்வு. அதிலும் தோற்றால் பயிற்சி முடிந்தது, பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். வெள்ளனே எழுந்து, பனி மூடிய வாசலில் நோட்டும் கையுமாக உட்கார்ந்துவிடுவேன். அதான் பாஸாயாச்சே, இன்னும் என்னத்தப் படிக்கிற என்று அம்மா கேட்டதற்கு, மேல்படிப்பு என்றேன். ஒரு சோலியும் தொடவிடவில்லை அவள்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போனோம். பூசை தொடங்குவதற்கு முன், அன்றைய பூசை யார் யாருடைய வேண்டுதலுக்காக என்ற கருத்துகளை வாசித்தார்கள். செசிலியாவின் ஜெர்மன் மொழித் தேர்வு வெற்றிக்கு நன்றியாக இந்தத் திருப்பலி ஒப்புக்கொடுக்கப்படுகிறது என்று ஒலிபெருக்கியில் வந்தது. செசிலியா நான்தான். முன்வரிசைப் பெண்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அதை எழுதிக்கொடுத்திருந்த அம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கண்ணை மூடினாள். பூசை முடியும்வரை நான் தலை நிமிரவில்லை.

திரும்பி வரும் ஏற்றத்தில் அம்மா நின்று நின்று நடந்தாள். மூச்சு வாங்குகிறது போல என்று நினைத்தேன். சாலையோரக் கல்லில் அவள் உட்கார்ந்தபோது சொல்லிவிட்டேன்.

"நான் பாஸாகலம்மா. அங்க எனக்கு ஒண்ணும் நல்லா இல்ல. முடியல."

திட்டுவாள், அழுவாள் என்று எதிர்பார்த்து நின்றேன். அவள் முழங்காலை நீவிக்கொண்டே சொன்னாள்: "இந்தக் காலும் ஆறு மாசமாச் சரியில்ல புள்ள. சொன்னா ஒனக்குப் படிப்புல மனசு நிக்காதுன்னு சொல்லாமக் கெடக்கேன்."

வாராவாரம் வீடியோவில் பார்த்துக்கொண்டோம். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் ஆல் ஓகே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம். அவளைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு மீதித் தூரம் நடந்தேன்.

வீட்டு வாசலில் முதுகுப்பையோடு ஓர் ஆணும் பெண்ணும் காத்திருந்தார்கள். அவர்களைப் பார்த்ததும் அம்மாவின் முகம் மாறுவதை அன்றுதான் கவனித்தேன். கையை என்னிடமிருந்து விடுவித்துக்கொண்டு, வலியே இல்லாதவள் போல இரண்டு படி ஏறினாள். அறை உண்டா, வெந்நீர் வருமா என்று ஆங்கிலத்தில் கேட்டார்கள். ஹீட்டர் பழுதாகி நாலு நாளாகிறது. "யெஸ், யெஸ். நோ ப்ராப்ளம்," என்றாள் அம்மா. அந்தப் பெண் தன் துணையின் பக்கம் திரும்பி, அப்பாடா, முதலில் குளிக்க வேண்டும் என்றாள். ஜெர்மனில் சொன்னாள்.

நான் ஜெர்மனிலேயே குறுக்கிட்டேன். இல்லை, வெந்நீர் இல்லை, ஹீட்டர் வேலை செய்யவில்லை. அம்மாவுக்குக் கால் வலி, வாளி தூக்க முடியாது. நான் அடுப்பில் வைத்துத் தருகிறேன், அரை மணி நேரம் ஆகும். நாக்கு தடுமாறத்தான் செய்தது, ஆனால் நிறுத்தவில்லை. அவர்கள் முகம் சுளிக்கவில்லை. சொன்னதற்கு நன்றி, காத்திருக்கிறோம் என்று பையை இறக்கினார்கள். அந்த ஆண், வாளியைத் தானே தூக்கிக்கொள்வதாகச் சொன்னார்.

"என்னடி சொன்ன அவங்ககிட்ட?" என்றாள் அம்மா.

"வெந்நீர் இல்லன்னு சொன்னேன்."

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அவர்கள் நிற்பதையும் பார்த்தாள். உள்ளே போனாள். நான் பின்பக்கம் போய் அடுப்பை மூட்டி அண்டாவை வைத்துவிட்டு வாசலுக்கு வந்தேன். இனி ஜெர்மனியில் பொய் சொல்லாமல் இருந்துவிடுவேன் என்று தோன்றியது. இங்கே அப்படி இருந்தால் யாருக்கு என்னைப் பிடிக்கும் என்றும் தோன்றியது.

சற்று நேரத்தில் அம்மா தட்டில் இஞ்சி டீ கொண்டுவந்தாள். தட்டில் பூப்போட்ட கோப்பைகள் மூன்று இருந்தன. அவர்கள் இருவருக்கும் கொடுத்தாள். மூன்றாவதை என்னிடம் நீட்டிவிட்டு, அடுப்படியில் இருந்த தன் சில்வர் டம்ளரைத் தேடிப் போனாள். எங்கள் வீட்டில் அந்தக் கோப்பையில் நான் டீ குடித்தது அதுதான் முதல் தடவை.