உடையாத கைக்கு ஒரு கட்டு

இரண்டு மாதம் முன்பு புத்தூருக்குப் போய், எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடும் வைத்தியர் ஒருவரிடம் என் இரண்டு கைகளையும் நீட்டினேன்.

"எங்க உடைஞ்சுது?" என்றார்.

"எங்கேயும் உடையலை."

"அப்புறம்?"

"உடைஞ்ச மாதிரி கட்டணும்."

வைத்தியர் வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார். "போலீஸ் கேஸா சார்? இல்ல, ஆபீஸுக்கு லீவா?"

இரண்டும் இல்லை. சிகரெட்!

திருப்பதியில் ஒரு டாக்டர் என் வலது கால் சுண்டுவிரலை அழுத்திப் பார்த்துவிட்டு, "ரத்தம் சரியாப் போகலை. சிகரெட் வேணுமா, விரல் வேணுமா... டிசைட் பண்ணிட்டு வாங்க" என்று சொல்லியிருந்தார். விரல் லேசாக நீலம் பாரித்திருந்தது. வெளியே வந்து நிதானமாக யோசித்தேன் — ஒரு சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு.

முயற்சியே செய்யாதவன் என்று நினைத்துவிடாதீர்கள். ஏலக்காய் மென்றேன். சூயிங்கம் மென்றேன். போனில் ஒரு ஆப் போட்டேன். 'வாழ்த்துகள்! மூன்று மணி நேரமாக நீங்கள் புகைக்கவில்லை' என்றது அது. அந்தச் சந்தோஷத்தைக் கொண்டாட ஒன்று பற்றவைத்தேன்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. மனசைக் கட்ட முடியவில்லை... கையைக் கட்டிவிட்டால்?

வைத்தியர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "எனக்கும் அந்தச் சனியன் கீது சார். எனக்கு யாரு கட்டுவாங்க?" என்று பெருமூச்சு விட்டபடியே பச்சிலை, முட்டை வெள்ளைக்கரு, மூங்கில் பத்தை, துணி எல்லாம் வைத்து இரண்டு கைகளையும் இரண்டு தேங்காய் மாதிரி ஆக்கி அனுப்பினார். பதினைந்து நாளுக்குப் பிரிக்கக் கூடாது.

நான் கல்லூரியில் காமர்ஸ் நடத்துகிறவன். கோடை விடுமுறை. என் மனைவி விஜயா ஸ்கூல் டீச்சர், அவளுக்கும் விடுமுறை. கட்டைப் பார்த்தாள். காரணம் கேட்டாள். சொன்னேன். இட்லியைப் பிட்டு என் வாயில் வைத்தாள்.

முதல் நாள் நன்றாகப் போயிற்று. இரண்டாம் நாள் சாயந்திரம் திருச்சானூர் ஷேர் ஆட்டோ ஸ்டாண்டில் இருக்கும் என் வழக்கமான டீக்கடைக்குப் போனேன். டீ குடிக்கத்தான்... சத்தியமாக.

கடை நடத்துவது மங்காம்மா. நகரிப் பக்கத்துக்காரர், நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒரு கன்னம் எப்போதும் வெற்றிலை புகையிலையால் உப்பியிருக்கும். கட்டைப் பார்த்ததும் பதறிப் போனார்.

"ஐயோ, இன்னா சார் ஆச்சு?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால், ஐந்து ஆட்டோ டிரைவர்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். உடையாத கைக்குக் கட்டுப் போட்டவன் என்று அத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வது?

"ஸ்கூட்டர்லேர்ந்து விழுந்துட்டேன்."

மங்காம்மா டீயை ஆற்றி, கிளாஸை என் உதட்டருகே பிடித்துக்கொண்டார். டீ முடிந்ததும், டிரைவர் சீனு, "பாபம் சார், நம்ம சார்" என்று தெலுங்கில் பரிதாபப்பட்டபடி வந்தார். என் பிராண்ட் அவருக்குத் தெரியும். ஒன்றைப் பற்றவைத்து என் வாயில் வைத்தார்.

கட்டு கையில்தான் இருந்தது, வாயில் இல்லை. ஆனாலும், அந்த வாய் 'வேண்டாம்' என்று சொல்லவில்லை.

சீனு பொறுமைசாலி. இழுக்கவிட்டு, எடுத்து, சாம்பலைத் தட்டி, மறுபடி வைப்பார் — குழந்தைக்குச் சங்கில் பால் புகட்டுவதுபோல. அடுத்த நாளிலிருந்து மற்ற டிரைவர்களும் முறை போட்டுக்கொண்டார்கள். கட்டுப் போடும் முன் ஒரு நாளைக்கு எட்டு சிகரெட். கட்டுப் போட்ட பின் பதினொன்று!

விஜயா என் சட்டையை மோந்து பார்த்தாள். "கையே இல்லாம எப்படிங்க?" என்றாள்.

"காத்துல வந்திருக்கும்."

பதினோராம் நாள் கடைக்குப் போனபோது, மங்காம்மாவின் கன்னம் ஒட்டிப்போயிருந்ததைக் கவனித்தேன். சர்க்கரை கேட்ட ஒருவர்மீது எரிந்து விழுந்தார்.

"என்னம்மா, உடம்பு சரியில்லையா?"

"வேண்டிக்கினு கீறேன் சார். உங்க கை சரியாவற வரைக்கும் பொகையில வாயில வெக்க மாட்டேன்னு கோயில்ல தாயார்கிட்ட சொல்லிட்டேன். ஒம்பது நாளாச்சு. தலை வலிக்குது, தூக்கம் வர்ல, சோறு துன்னவும் முடியல."

"எனக்காகவா? ஏம்மா?"

"பின்ன? தெனம் வர்ற மனுசன், ஒரு கிளாஸ் புடிக்க முடியாம நிக்கிறீங்க. பார்த்துக்கினு எப்படி சும்மா இருக்கறது?"

அந்த நேரம் பார்த்து சீனு தீக்குச்சியைக் கிழித்துக்கொண்டு வந்தார். வாழ்க்கையில் முதல்முறையாக வாயை இறுக்க மூடிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் விஜயாவைக் கத்தரிக்கோல் எடுத்து வரச் சொல்லிக் கட்டைப் பிரித்தேன். பத்து விரலும் பத்திரமாக இருந்தன — முட்டை நாற்றத்தோடு. நேராக டீக்கடைக்குப் போனேன். மங்காம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துச் சொடுக்கெடுத்துப் பார்த்தார். பத்தும் சத்தம் போட்டன.

"ஒண்ணுகூட உடையலையா?"

"உடையலை."

"ஸ்கூட்டரு?"

"விழலை."

அவரைவிட சீனுதான் அதிகம் நொறுங்கிப்போனார். "நான் சாம்பல் தட்டிவிட்டேனே சார்!" என்றார்.

மங்காம்மா சர்க்கரை டப்பாவுக்குப் பின்னாலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். "கை நல்லாத்தான கீது. வேண்டுதல் முடிஞ்சிச்சு" என்று பிரிக்கப் போனார்.

"வேண்டாம்மா! பத்து நாள் கஷ்டப்பட்டு விட்டிருக்கீங்க."

"யாரு சொல்றது சார்... நீங்களா?"

நியாயமான கேள்விதானே? செருப்பைக் கழற்றி, சுண்டுவிரலைக் காட்டி, டாக்டர் சொன்னதைச் சொன்னேன். மங்காம்மா குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"இத மொதல்லியே சொல்லியிருந்தா வெரலுக்கே வேண்டிக்கினு இருப்பேனே சார்! வேண்டுதல போயி கைக்கு வேஸ்ட் பண்ணிட்டேனே!"

பொட்டலத்தை மறுபடி டப்பாவுக்குப் பின்னால் வைத்தார்.

"சரி. அந்த வெரலு தேறுற வரைக்கும் நானும் போட மாட்டேன். ஆனா நீங்க ஒண்ணு பத்த வெச்சீங்கன்னு தெரிஞ்சுது... உங்க எதிர்லயே மொத்தத்தையும் வாயில கொட்டிக்குவேன். பாவம் உங்க தலைமேல!"

அன்றிலிருந்து தினமும் சாயந்திரம் சோதனை. நான் அவர் முகத்துக்கு நேரே ஊத வேண்டும். அவர் எனக்கு நாக்கை நீட்டிக் காட்ட வேண்டும். நடுவர், சீனு. ஒரு நாள் நான் ஊதி முடித்துத் திரும்பினால், பின்னால் வெளியூர் பக்தர்கள் நான்கு பேர் நிற்கிறார்கள்! என்ன ஏது என்று அவர்களுக்குத் தெரியாது. இந்த ஊரில் யாராவது வரிசையில் நின்றால், பின்னால் போய் நின்றுவிடுவது வழக்கம்தானே? மங்காம்மா நால்வரையும் ஊதச் சொன்னார். ஒருவர் ஃபெயில்!

இரண்டு முறை கை தானாகப் பாக்கெட்டுக்குப் போனது. இரண்டு முறையும் அந்த ஒட்டிய கன்னம் ஞாபகம் வந்தது. கை திரும்பிவிட்டது. என் சொந்த விரலுக்காக வராத மன உறுதி, அடுத்தவர் கன்னத்துக்காக எப்படி வந்தது? யோசித்தால் சிரிப்பாக இருக்கிறது. கொஞ்சம் வெட்கமாகவும்.

போன வாரம் டாக்டர் விரலை அழுத்திப் பார்த்தார். "நீலம் குறையுது. இப்படியே கண்டின்யூ பண்ணுங்க" என்றார். மங்காம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "குறையுதுன்னா? இன்னும் போகலதான?" என்று கேட்டுவிட்டு டப்பா பக்கமே திரும்பாமல் டீ ஆற்றப் போய்விட்டார். அடடா!

சந்தோஷமாக வீட்டுக்கு வந்து விஜயாவிடமும் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"அந்தம்மா பத்து நாள் கஷ்டப்பட்டது உங்களுக்கு உறைச்சுது. நான் இருபத்திரண்டு வருஷமா இந்த வீட்ல இருமிக்கிட்டே கெஞ்சினேனே... அது ஏங்க உறைக்கலை?"

இதற்கு என்ன பதில் சொல்வது? தெரிந்தவர்கள் எழுதுங்கள் — வீட்டு முகவரிக்கு மட்டும் வேண்டாம்.