மகனுக்குப் பதில் வந்தவை

ஒன்பது நிமிடத்தில் தேங்காய் வீட்டுக்கு வருகிறது என்று எங்கள் தெருவில் எல்லோரும் வாயைப் பிளக்கிறார்கள். வரட்டுமே. தேங்காய்க்கு அப்படி என்ன தலைபோகிற அவசரம் என்று ஒருவரும் கேட்பதில்லை. தம்பானூரில் தபால் பிரிக்கும் வேலையில் முப்பது வருடம் நின்றவள் நான். எந்தப் பை எந்த ரயிலில் ஏற வேண்டும் என்பது எனக்குத் தூக்கத்திலும் தெரியும். எங்கள் காலத்தில் எல்லாம் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தது; அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளவும் மாட்டேன். ஆனால் ஒரு சாமான் சீக்கிரம் வந்ததற்காகக் கைதட்டும் அளவுக்கு எனக்குப் புத்தி மழுங்கிவிடவில்லை.

என் ஒரே மகன் கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறான். அங்கேயே ஒரு வாடகை ஃப்ளாட்டில் இருக்கிறான். நான் கரமனையில், அவன் அப்பா விட்டுப்போன வீட்டில் தனியாக இருக்கிறேன். நடுவில் ஒரு மணி நேரப் பாதை, ஹைவேயில் அப்படி ஒரு நெரிசல் என்பான். முன்பெல்லாம் ஞாயிறு தவறாமல் வருவான். வரும்போது வீட்டில் தீர்ந்துபோனதை வாங்கிக்கொண்டு வருவான். அவனை வரவழைக்க எனக்கு ஒரு உப்புப் பாக்கெட் போதுமாக இருந்தது.

வீட்டுக்கே சாமான் அனுப்பும் இந்த ஆப் வந்து என் பிழைப்பில் மண்ணைப் போட்டது. "உப்பு தீந்துபோச்சுடா" என்று போனில் சொல்லி வாயை மூடுவதற்குள் வாசலில் மணி அடிக்கும். நாற்பத்தைந்து வயதிருக்கும் ஒருவர், பாறசாலைப் பக்கத்துத் தமிழர், பையை நீட்டுவார். "ஓடிபி சொல்லுங்கம்மா, நேரம் ஓடுது" என்பார். என் மகன் கழக்கூட்டத்தில் நாற்காலியை விட்டு எழுந்திருக்கக்கூட மாட்டான்.

நானும் சளைத்தவள் இல்லை. எளிதில் கிடைக்காததாகப் பார்த்துப் பார்த்துக் கேட்டேன். மணத்தக்காளி வற்றல் கேட்டேன், வந்தது. வசம்பு கேட்டேன், அதுவும் வந்தது. கிணற்று வாளிக்குக் கயிறு கேட்டேன். மறுநாளே யானையைக் கட்டிப்போடும் அளவுக்கு ஒரு நைலான் கயிறு வந்து இறங்கியது. கடைசியில், "பரண் மேலே இருக்கற வெண்கல உருளியை எறக்க ஆள் இல்லைடா, நீ வா" என்றேன். இதை எந்த ஆப் கொண்டுவரும் பார்ப்போம் என்று எனக்கு ஒரே கர்வம். அடுத்த நாள் காலை ஒரு புது உருளி வந்தது. பழையது இன்னும் பரணிலேயே கிடக்கிறது.

"உங்க பிள்ளைக்குத்தான் என்ன கரிசனம்! சொல்லி முடிக்கறதுக்குள்ள சாமான் வந்துடறதே" என்றாள் எதிர்வீட்டு மாமி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் பிள்ளை வாராவாரம் ஸ்கூட்டரில் வந்து, தண்ணீர்க் குழாயைத் திட்டிக்கொண்டே சரிசெய்துவிட்டுப் போகிறவன். அவளுக்கென்ன, சொல்வாள்.

பிறகு ஒரு சனிக்கிழமை சாக்குப்போக்கையெல்லாம் விட்டுவிட்டு நேராகவே கேட்டேன்.

"நாளைக்குச் சாப்பிட வாடா. எனக்கு ஒரு சாமானும் வேண்டாம். ஒண்ணா உக்காந்து சாப்பிட்டு எத்தனை நாளாச்சு?"

"ட்ரை பண்றேம்மா. நீ டென்ஷன் அடிக்க வேண்டாம், கேட்டயா."

அதை நான் வருகிறேன் என்றே எடுத்துக்கொண்டேன். காலையிலேயே மோர்க்குழம்பும் எரிசேரியும் வைத்தேன். அவனுக்குப் பிடித்த அடைப் பிரதமன் பாயசம் செய்தேன். இரண்டு இலை போட்டுவிட்டு உட்கார்ந்தேன். பன்னிரண்டரைக்கு மணி அடித்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் கையில் பையோடு பாறசாலைக்காரர். போனில் மகனின் செய்தி: 'அர்ஜென்ட் வேலை. ஹோட்டல் சாப்பாடு அனுப்பியிருக்கேன். சூடா சாப்பிடு.'

என் சமையல் அடுப்பில் இருக்கும்போது எனக்கே சாப்பாடு அனுப்புகிறான். நான் கதவைத் திறக்கவில்லை. மணி திரும்பத் திரும்ப அடித்தது. போனும் அடித்தது, எடுக்கவில்லை. வெளியே அவர் என் மகனிடம் போனில் பேசுவது கேட்டது.

"சார், அம்மா எப்பவும் ரெண்டாவது மணிக்கே வந்துருவாங்க. இன்னைக்கு ஒரு சத்தமும் இல்ல. எனக்கு என்னமோ போல இருக்கு. நீங்க ஒண்ணு வந்து பாருங்க சார்."

அந்த மனிதர் பையை வைத்துவிட்டுப் போய்விடவில்லை. அடுத்த ஆர்டர் காத்திருக்கும், இருந்தும் வாசலிலேயே நின்றார். அவரை நினைத்து வெட்கப்பட்டேன். ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

ஒரு மணி நேரப் பாதையை என் மகன் முப்பத்தைந்து நிமிடத்தில் கடந்து வந்தான். ஹைவே நெரிசல் அன்றைக்கு எங்கே போனதோ தெரியவில்லை. தன்னிடமிருந்த சாவியால் திறந்துகொண்டு உள்ளே ஓடிவந்தான். சட்டையை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டிருந்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

"அம்மா! என்ன ஆச்சு? ஏன் தொறக்கலை?"

"ஒண்ணும் ஆகலை. கை அலம்பிண்டு வா, ஆறிடப்போறது."

கத்தினான். உனக்குப் பைத்தியமா என்றான். அப்படியே உட்கார்ந்து அழுதான். ஹோட்டல் சாப்பாட்டைப் பாறசாலைக்காரரையே எடுத்துக்கொள்ளச் சொல்லி அனுப்பிவிட்டு, அவனுக்குப் பரிமாறினேன். பிரதமனை மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். நான் செய்தது தப்புதான், பெற்ற பிள்ளையை அப்படிப் பயமுறுத்தக் கூடாது. ஆனால் அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை மறைப்பானேன்?

மறுநாள் காலை பத்து மணிக்கு இரண்டு கேமரா வந்தன. மாட்டித் தரும் ஆளும் கூடவே வந்தார். வாசலில் ஒன்று, கூடத்தில் ஒன்று. இருபது நிமிடத்தில் மாட்டிவிட்டுப் போய்விட்டார்.

அந்த வாரக் கடைசியில் மகனுக்குப் போன் செய்து, ஞாயிற்றுக்கிழமை வருகிறாயா என்று கேட்டேன்.

"எதுக்கும்மா? இப்பதான் தினமும் உன்னைப் பாத்துண்டு இருக்கேனே" என்றான்.