எஸ்தர் டாக்டரின் உறை வெட்டு

ஆம்பூரில் நானும் எஸ்தர் டாக்டரும் பத்தொன்பது வருடம் சேர்ந்து நடத்திய பல் கிளினிக்கில், ஒருவருக்கு மரத்துப்போகும் ஊசி போட்டுவிட்டுக் காத்திருந்தேன். நர்ஸ் கலா உள்ளே வந்தார். "சார், எஸ்தர் மேடம் போய்ட்டாங்களாம். நெஞ்சு வலின்னு விடியகாலைல வேலூர் தூக்கினு போனாங்களாம்." வெளியே அவருக்காகக் காத்திருந்தவர்களிடையே அழுகை கிளம்பியது. நான் செத்தால் இதில் பாதிப் பேராவது அழுவார்களா என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. அவரைத் தெரிந்த உங்களிடம் இதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

அவர் இருந்தவரை என் நாற்காலி பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கும். ஷூ கம்பெனியில் தைக்கும் பெண்களிடம் கலா, "சார் ப்ரீதான், போங்க" என்பார். "பரவால்லம்மா, மேடம் வரட்டும்" என்பார்கள், என் காதில் விழும்படியாகவே.

ஈறுக்குள் புதைந்துகிடக்கும் ஞானப்பல்லை எடுக்க ஈறை வெட்டித் திறக்க வேண்டும். எஸ்தர், பற்களின் ஓரமாகவே கத்தியை ஓட்டி, கடித உறையைத் திறப்பதுபோல ஈறை விலக்குவார். நான் கன்னப்பக்கம் கீழ்நோக்கி இன்னொரு கீறலும் போட்டு முக்கோணமாகத் திறப்பேன். இரண்டும் பாடத்தில் உள்ளவைதான். உள்ளே நன்றாகத் தெரிய வேண்டாமா என்று நான் கேட்பேன். "உங்களுக்கு நல்லாத் தெரியுது டாக்டர். அவங்களுக்குல்ல வீங்குது" என்பார் அவர்.

இந்தச் சண்டை ஓயாததால் அளந்தே பார்ப்பது என்று முடிவானது. நோயாளிகளின் சம்மதத்தோடு ஒருவருக்கு அவர் வெட்டு, அடுத்தவருக்கு என் வெட்டு. மூன்றாம் நாள், காதிலிருந்து வாயோரம் வரை கன்னத்தின்மேல் நூல் பிடித்து வீக்கத்தை அளக்க வேண்டும். அவர் குடியாத்தத்தில் இன்னொரு கிளினிக்குக்கும் போய்வந்துகொண்டிருந்தார். "அளவை நீங்களே எடுத்துடுங்க டாக்டர். உங்களை நம்பாம யாரை நம்பறது?" என்றார்.

என் வெட்டு போட்டவர்களின் கன்னத்தில் நூலை இறுக்கிப் பிடித்தேன். அவர் வெட்டு போட்டவர்களுக்குத் தளர்த்திவிட்டேன். நோட்டில், வீக்கம் குறைவு என்று என் வெட்டு ஜெயித்தது.

அதைப் பார்த்துவிட்டு அவர் வாதாடவே இல்லை. "அப்போ நான்தான் தப்பு. இவ்ளோ நாளா ஜனங்களைப் பேஜார் பண்ணிட்டேன்" என்றார். மறுநாளே முக்கோண வெட்டுக்கு மாறிவிட்டார். தப்பை இவ்வளவு லேசாக ஒப்புக்கொள்ள ஒருவரால் முடியுமா? அதற்கும் வயிறெரிந்தேன். உண்மை தெரிந்த நானோ சத்தமில்லாமல் உறை வெட்டுக்கு மாறினேன். அவருடைய நோயாளிகள் முன்பைவிட ஜாஸ்தி வீங்கிய கன்னத்தோடு வந்தார்கள். வேலைக்குப் போக இரண்டு நாள் கூடுதலாகப் பிடித்தது. அந்த வலியெல்லாம் என் கணக்கில்தான் சேரும். அப்படியும் அவர்கள் என் பக்கம் வரவில்லை. "மேடம் வரட்டும்" என்றே உட்கார்ந்திருந்தார்கள்.

ஒருநாள் நான் வேலை செய்யும்போது எஸ்தர் எட்டிப் பார்த்தார். "இன்னா டாக்டர், என் பழைய வெட்டு போடறீங்க?"

"இந்தப் பல்லுக்கு இது போதும்."

"என்னைவிட நல்லாப் போடறீங்க" என்று சிரித்தார். உண்மையைச் சொல்லியிருக்க வேண்டிய நேரம் அது. வாய்வரைக்கும் வந்தது. ஆனால் அந்த ஒரு பாராட்டை இழக்க மனம் வரவில்லை.

அடக்கத்தன்று அவருடைய கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "வெட்டு விஷயத்துல நீங்கதான் குருன்னு சொல்லிக்கினே இருப்பா சார்" என்றார். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

நேற்று ஒரு அம்மா என் நாற்காலியில் அரைமனதாக உட்கார்ந்தார். "மேடம்கிட்ட எடுக்கலாம்னு இருந்தேன். இனிமே நீங்கதானே."

"மேடத்தோட வெட்டுதாம்மா போடப்போறேன்" என்றேன். அதை அவருடையது என்று நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. அந்த அம்மா முகம் தெளிந்து, கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தார்.

எஸ்தரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த வெட்டு. பொறாமையும் அப்படியேதான் இருக்கிறது. அந்த அம்மா வாயைத் திறந்தது என்னை நம்பி அல்ல.