பூச்சிக்கு வந்த ஏசி

வளைகுடாவில், ராஸ் அல் கைமாவில் ஏசி மெக்கானிக்காக ஒன்பது வருடம் குப்பை கொட்டியிருக்கிறேன். அத்தனை வருடத்தில் சூடு பத்தவில்லை என்று எனக்குப் புகார் வந்தது ஒரே ஒரு தடவைதான். அதுவும் ஜூலை மாதம், மதியம் இரண்டு மணிக்கு. வண்டிக் கதவின் பிடியைத் துணி சுற்றித்தான் தொட முடியும், அப்படி ஒரு வெயில். சூப்பர்வைசர் போனில் சொன்னதை இரண்டாம் தடவை கேட்டு உறுதி செய்துகொண்டேன். ஒன்பதாம் வில்லாவில் சூடு குறைவாம், உடனே போக வேண்டுமாம்.

எங்கள் கம்பெனியில் "உடனே" என்பது எல்லோருக்கும் கிடைக்கிற சொல் இல்லை. இருபது வில்லாக்கள் கொண்ட அந்தக் காம்பவுண்டின் பின்பக்கம், தண்ணீர்த் தொட்டியை ஒட்டி ஒரு ரூம். அதில் நானும் வாட்ச்மேன் அண்ணனும் இருந்தோம். எங்கள் ரூம் ஏசியின் கம்ப்ரெஸர் செத்து மூன்று வாரம் ஆகியிருந்தது. ஊருக்கெல்லாம் குளிர் கொடுக்கிறவன் ரூமில் ஏசி ஓடவில்லை. புகார் நோட்டில் எங்கள் ரூம் நம்பருக்கு நேராக இரண்டு வரிகள் இருந்தன. ஒன்று ஏசி, இன்னொன்று மூட்டைப்பூச்சி. ஏசி ஸ்டோரில் "மாஃபி", அதாவது இல்லை. மருந்து அடிக்கிறவன் அடுத்த வாரம் வருவான் என்றார்கள். அந்த அடுத்த வாரம் வரவே இல்லை.

நான் பகலெல்லாம் வில்லாக்களில் ஏசிக் காற்றில் வேலை செய்கிறவன், பிழைத்துக்கொண்டேன். அகப்பட்டது அண்ணன்தான். புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். அவருக்கு நைட் டூட்டி, தூக்கம் பகலில். அந்த ரூமில், அந்த மாதத்தில், பகலில் தூங்க வேண்டும். துண்டை நனைத்து உடம்பில் போர்த்திக்கொண்டு சிமெண்டுத் தரையில் படுப்பார். துண்டு காய்ந்ததும் எழுந்துவிடுவார். கேட்டில் நாற்காலியில் கண் அசந்து இரண்டு தடவை பிடிபட்டிருந்தார். மூன்றாம் தடவை என்றால் டிக்கெட் போட்டு ஊருக்கு அனுப்பிவிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். சண்டை போடத் தெரியாத மனிதர், பொய்யும் வராது. எனக்கு இரண்டுமே நன்றாக வரும், ஆனால் என் பேச்சை அங்கே யார் கேட்டார்கள்?

ஒன்பதாம் வில்லாக்காரர் செராமிக் ஃபேக்டரியில் பெரிய பதவியில் இருந்தவர். சென்னைக் குடும்பம். அடுக்களைக்குள் முட்டை கூட நுழையாத வீடு. ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் ஒரே மகள் நாய் கேட்டாளாம், நாய் என்றால் நாற்றம் என்று பாம்பு வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். ஆரஞ்சு நிறம், ஒன்றரை முழ நீளம், விஷம் இல்லை. அதற்கு ஒரு வெள்ளைக்காரப் பெயர் வைத்திருந்தார்கள். அதை அந்த வீட்டில் யாரும் "அது" என்று சொல்வதில்லை, "அவன்" என்றுதான். அவன் தின்பதற்காக உறைய வைத்த எலிக்குஞ்சுகள் பால்கனியில் தனி ஃபிரிட்ஜில் இருந்தன. முட்டைக்குத்தான் அந்த வீட்டில் தடை.

உள்ளே பத்தொன்பது டிகிரி வைத்திருந்தார்கள். வியர்வையில் நனைந்த சட்டையோடு நுழைந்த எனக்குப் பல் கிட்டியது. கண்ணாடிப் பெட்டியின் முன்னால் நிறுத்தி, அந்தப் பெண் பாதி ஆங்கிலத்தில் எனக்குப் பாடம் எடுத்தாள். பாம்பு தன் உடம்புக்குத் தானே சூடு உண்டாக்கிக்கொள்ளாது. பெட்டியில் ஒரு பக்கம் முப்பத்தொன்று, மறுபக்கம் இருபத்தைந்து இருக்க வேண்டும். அவனுக்குத் தோன்றுகிறபடி இங்கேயும் அங்கேயும் போய்ப் படுப்பான். சூடு குறைந்தால் தின்றது செரிக்காது, கூடினால் உயிருக்கே ஆபத்து. ஏசியைக் கொஞ்சம் ஏற்றி வைத்தால் பாதி வேலை முடிந்துவிடுமே மேடம் என்று அவள் அம்மாவிடம் சொன்னேன். தங்களுக்குப் புழுங்கும் என்றார்கள். ஆக, கொதிக்கிற ஊருக்குள் ஒரு குளிர் வீடு, அந்தக் குளிர் வீட்டுக்குள் ஒரு சூட்டுப் பெட்டி. இதில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை, நானும் அடக்கிக்கொண்டேன்.

பெட்டிக்கு அடியில் ஹீட் மேட், மேலே ஒரு பல்பு. இரண்டையும் ஒரு தெர்மோஸ்டாட்டில் கோத்துவிட வேண்டும், அவ்வளவுதான். அந்தத் தெர்மோஸ்டாட்டில் இரண்டு இணைப்புகள் உண்டு, ஒன்று கூலிங், ஒன்று ஹீட்டிங். ஒன்பது வருடப் பழக்கம், கை தானாகக் கூலிங்கில் போய் வயரை முறுக்கிவிட்டது. சூடு ஏறினால் ஹீட்டர் ஓடும், குளிர்ந்தால் நின்றுவிடும் என்று ஆகிவிட்டது. அந்தக் குளிரில் அது ஓடவே இல்லை. மறுநாள் காலையில் பாம்பு ஹோஸ் பைப்பைச் சுருட்டி வைத்த மாதிரி கிடந்தது, பக்கத்தில் அந்தப் பெண் அழுதுகொண்டிருந்தாள். பார்த்த உடனே எனக்கு விளங்கிவிட்டது. சென்சார் சரியில்லை என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அந்தப் பொய் வரவில்லை. கை மாற்றிப் போட்டுவிட்டது மேடம் என்று ஒப்புக்கொண்டு வயரை மாற்றினேன். ஒரு மணி நேரத்தில் பாம்பு நாக்கை நீட்டியது. கொல்லப் பார்த்த அன்றிலிருந்து அந்த வீட்டில் நான் பாம்பு வைத்தியன் ஆகிவிட்டேன்.

அடுத்த வாரமே அவர்கள் நாற்பது நாள் லீவில் சென்னைக்குக் கிளம்பினார்கள். பெட்டியை உங்கள் ரூமில் வைத்துப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று மேடம் கேட்டார். ரூமைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்றேன். உள்நோக்கம் எதுவும் இல்லை என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

வில்லாவிலிருந்து ஒருவர் எங்கள் ரூமுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. மத்தியானம். ஈரத் துண்டோடு தரையில் கிடந்த அண்ணன் பதறி எழுந்து சட்டையைத் தேடினார். மேடம் பையிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, நகர்கிற எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார். முப்பத்தொன்பதில் நின்றது.

"இந்த ஹீட்லயா? அவன் செத்துடுவானே" என்றார்.

தன்னைத்தான் சொல்கிறார் என்று அண்ணன் நினைத்துவிட்டார். சட்டையில் ஒரு கையை மட்டும் நுழைத்தபடி, கும்பிடாத குறையாகச் சொன்னார்.

"பரவால்லைங்கம்மா, பழகிருச்சு."

மேடத்துக்கு அது புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அதில் வந்த எரிச்சல் இன்றைக்கும் ஆறவில்லை.

அங்கேயே நின்றபடி மேடம் கம்பெனிக்குப் போன் போட்டார். சாயங்காலத்துக்குள் ஏசி வந்துவிட்டது. ஸ்டோரில் இல்லவே இல்லை என்று சொன்ன ஏசி, அட்டைப்பெட்டி கூடப் பிரிக்காமல் வந்தது. என் கையாலேயே மாட்டினேன். சூப்பர்வைசர் நேரில் வரவில்லை, போனில்தான் கண்டிஷன் போட்டார். இது பூச்சிக்காகக் கொடுத்த ஏசி, பூச்சி போனதும் ஸ்டோருக்குத் திரும்ப வேண்டும் என்றார். அவரும் எங்கள் பக்கத்து ஆள்தான், சிவகங்கைக்காரர். எங்கள் பக்கங்களில் பாம்பை அதன் பெயர் சொல்லிச் சொல்லமாட்டார்கள், சொன்னால் எதிரே வந்து நிற்கும் என்று பயம். பூச்சி என்றுதான் சொல்வார்கள். அவருக்கு அந்தப் பயம் கொஞ்சம் அதிகம். பூச்சி வந்த நாளிலிருந்து எங்கள் காம்பவுண்டு பக்கமே அவர் வரவில்லை.

அந்த நாற்பது நாளும் நாங்கள் மனிதர்களாக இருந்தோம். ரூம் இருபத்தைந்தில், பெட்டியின் சூட்டு மூலை முப்பத்தொன்றில். காலையில் டூட்டி முடித்து வந்து அண்ணன் மத்தியானம் வரை அடித்துப் போட்டாற்போல் தூங்கினார். பெட்டி இருந்த திசையில் மட்டும் கால் நீட்டமாட்டார். வாரம் ஒருநாள் நான் எலிக்குஞ்சை வெந்நீரில் போட்டுப் பதமாக்கும்போது வெளியே எழுந்து போய்விடுவார். கேட்டில் ஒருநாள் கூட அவர் கண் அசரவில்லை. ஒரு ஜந்துவுக்குப் புழுங்கக் கூடாது என்பதற்காக ஒரு மனிதருக்குத் தூக்கம் கிடைத்தது, அந்த வரிசையில்தான் கிடைத்தது.

செப்டம்பரில் குடும்பம் திரும்பியது, வெயில் திரும்பிப் போகவில்லை. அந்தப் பெண் வந்து "தேங்க்யூ அங்கிள்" என்று சொல்லிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள். மேசையில் பெட்டி இருந்த இடம் மட்டும் தூசியில்லாமல் சதுரமாகத் தெரிந்தது. அண்ணன் அதையே பார்த்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கென்று சூப்பர்வைசரின் போன் வந்தது, அதுவும் அண்ணனுக்கு. ஸ்பீக்கரில் போடச் சொல்லி ஜாடை காட்டினேன்.

"என்னண்ணே, ரூம்ல பூச்சி இன்னும் இருக்கா, போயிருச்சா?"

பொய் சொல்லாத மனிதரிடமா இந்தக் கேள்வி கேட்க வேண்டும்? ஏசி போயிற்று என்றே முடிவு கட்டினேன். அண்ணன் காலி மேசையைப் பார்த்தார். முழங்கையில் தடித்திருந்த இடத்தை ஒரு தடவை சொறிந்துகொண்டார். பிறகு மெத்தையின் ஓரத்தை மெல்லத் தூக்கி உள்ளே பார்த்தார்.

"இருக்கு சார். இப்பக்கூட கண்ணால பாத்தேன்."

அப்படியென்றால் ஏசி அங்கேயே இருக்கட்டும் என்று சொல்லி அவசரமாகப் போனை வைத்துவிட்டார் சூப்பர்வைசர். அண்ணன் மெத்தையை ஜாக்கிரதையாகக் கீழே விட்டார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை. மருந்து அடிக்கிறவன் என்றைக்காவது வந்து தொலைத்தால் நான் சொன்னது பொய்யாகிவிடுமே தம்பி என்றார்.

அதுவும் நியாயம்தான். மறுநாள் ஆபீசுக்குப் போய்ப் புகார் நோட்டைக் கேட்டு வாங்கி, மூட்டைப்பூச்சி என்ற வரியை நானே அடித்தேன். பக்கத்தில் "சரியாகிவிட்டது" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். திரும்பி வந்தபோது ரூம் இருபத்தைந்தில் இருந்தது. அண்ணன் தூக்கத்திலேயே சொறிந்துகொண்டு, நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.